கடற்கரைப் போட்டிக்குக் கம்பு மாவு

பன்னிரண்டடித் தூண்டில் ராடை இரண்டாகக் கழற்றினால் ஆறடி வரும். ஷேர் ஆட்டோவின் அகலம் நாலடிதான். சனிக்கிழமை காலை எங்கள் ஊர் விலக்கில் நின்று, ஆட்டோக்கார அண்ணன் இதை எனக்கு விளக்கினார்.

"குறுக்க வச்சா ஏறுற ஆளக் குத்தும். நெடுக வச்சா எங்கழுத்தக் குத்தும். மேல கட்டுனா கரண்டு கம்பி. எங்குட்டு வைக்கச் சொல்ற?"

"நாங்க மடியில வச்சுக்கிறோம்ணே" என்றாள் அம்மா. பின் சீட்டில் இருந்த எங்கள் இருவர் மடியிலிருந்து நீண்ட ராடு, முன் சீட்டில் இருந்தவரின் தோளைத் தாண்டிப் போனது. வழியில் ஏறியவர்கள் எல்லோரும் என்ன ஏது என்று கேட்காமலேயே ஆளுக்கொரு கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். எம்.ரெட்டியபட்டியில் இறங்கும்போது எட்டுப் பேர் சேர்ந்து சாமி சப்பரத்தை இறக்குவதுபோல ராடை இறக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு அக்கா, "ஆமா, இது என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"கடல்ல மீன் பிடிக்கிற போட்டிக்குப் போறேன். நான் சங்கத்துல மெம்பர்" என்றேன்.

இதில் முதல் பாதி உண்மை.

நான் மதுரையில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, கல்லூரிக்கும் போய்ப் பட்டம் வாங்கியவள் நான்தான். இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். மதுரையில் கடல் கிடையாது. ஆனால் கடல் தூண்டில் சங்கம் உண்டு. கடை முதலாளிதான் அதன் செயலாளர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய் மீன் பிடித்து, அளந்து, படம் எடுத்து, திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, எந்த மீனுக்கு எந்த முள் என்பது எனக்கு மனப்பாடம். மெம்பராக வேண்டும் என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஊரில் மட்டும் ஏற்கெனவே ஆகிவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரையில் தூத்துக்குடிச் சங்கத்தோடு ஒரு நட்புப் போட்டி என்று முடிவானது. அணிக்கு நான்கு பேர். எங்கள் அணியில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா பாண்டீஸ்வரி, நீ வா. உம் பேருல ஒரே ஒரு மீனு ஏறட்டும், அன்னைக்கே உன்னய மெம்பராக்கிர்றேன். ஏறலைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

பக்கத்தில் நரம்பு சுற்றுகிற ரீல் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர், அவரும் அணியில் ஒருவர், தலையைத் தூக்காமல் சொன்னார்: "திருச்சுழிப் பக்கம் தண்ணி லாரியப் பாத்தாலே கும்பிடுவாங்களே. கடலப் பாத்தா என்ன பண்ணும் இந்தப் புள்ள?"

மறுநாள் வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ஊருக்கு வந்த பஸ்ஸில் காரியாபட்டியில் கூட்டம் இறங்கி இடம் கிடைக்கும்வரை, நின்றுகொண்டே அவருக்குப் பதில் யோசித்துக்கொண்டு வந்தேன். கிடைத்த பதில்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பதினெட்டு மணி நேரம் பிந்திவிட்டன.

அம்மா கூட வந்ததற்குக் காரணம் இரை. கடையில் இறால், கணவாய், சாளை என்றுதான் இரையாகச் சொல்வார்கள். நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய் ஊரில் பிறந்த அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "மீனுக்கு மீனையே குடுத்தா அதுக்கென்ன ஆச வரும்? கம்பு மாவு பெசஞ்சு தாரேன்." மாவு தண்ணீரில் கரைந்துவிடாமல் இருக்க, பருத்திக்காட்டிலிருந்து எடுத்த பஞ்சைப் பிய்த்து அதோடு சேர்த்துப் பிசைவாள். கெண்டைக்கு அப்படித்தானாம். அந்தப் பதம் எனக்குக் கைவரவில்லை. அதனால் மாவு வாளியோடு அம்மாவும் புறப்பட்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் ராடைப் பார்த்து, பந்தல் கம்புக்கு லக்கேஜ் போடணும் என்றார். மீன் பிடிக்கப் போவதாக அம்மா சொன்னாள். அவ்வளவுதான். அந்தச் சேதி முன்வாசல்வரை போய், ஆர்டராகத் திரும்பி வந்தது.

"எக்கா, எனக்கு ரெண்டு கிலோ சீலா."

"நண்டு கெடச்சா சொல்லுங்க, சளிக்கு ஆகும்."

"திருச்சுழித் தாலுகாவுல இருந்து கடலுக்கு மீன் பிடிக்கப் போற மொத ஆளு நீங்கதான்" என்றார் கண்டக்டர். லக்கேஜ் போடவில்லை.

பாதி வழியில் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் கருவேலம் புதர். இடையிடையே மானாவாரிக் காடு, ஆடுகள், அப்புறம் மறுபடியும் கருவேலம். மாற்று டயர் வரும்வரை மர நிழலில் உட்கார்ந்து சேவு தின்றோம். பையிலிருந்த சேவு பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் பங்காகி, ஆளுக்குப் பத்துத் துண்டுகூட வரவில்லை. அந்நேரம் ஒரு மீன் லோடு ஆட்டோ வந்து நின்றது. விடியற்காலையில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மீன் இறக்கிவிட்டு, காலி ஐஸ் பெட்டிகளோடு கடற்கரைக்குத் திரும்புகிற வண்டி. ராடு தாராளமாக நீட்டிப் படுத்துக்கொள்ள அதில் இடமிருந்தது. நாங்கள் ஆளுக்கொரு பெட்டியில் உட்கார்ந்தோம்.

"மீனத்தான் நான் தெனம் உங்க ஊருக்கே கொண்டாந்து தாரேன்ல" என்றார் டிரைவர். "பெறகு எதுக்கு அதத் தேடி இம்புட்டுத் தூரம் போறீக?"

"நீரு கொண்டாரது செத்து மூணு நாளாச்சுய்யா. உசுரோட பாக்கப் போறோம்" என்றாள் அம்மா.

டிரைவர் கியரைப் போட்ட போட்டில் ஐஸ் பெட்டிகள் எங்களோடு சேர்ந்து குதித்தன. சாயல்குடிவரை அந்த வேகம் குறையவில்லை.

கடற்கரைக்குச் சங்கத்தார் ஏற்கெனவே காரில் வந்து இறங்கியிருந்தார்கள். நாங்கள் மீன் வாசத்தோடு இறங்கினோம். பல் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிடிச்சே கொண்டு வந்துட்டாங்க போல" என்றார். ராத்தங்கலுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் அறை. மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் மீன் குழம்பு. எங்கள் பக்கம் புளி தூக்கலாக, நல்லெண்ணெய் மிதக்க வைப்போம். இங்கே தேங்காயை அரைத்து ஊற்றியிருந்தார்கள். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "மீனு நல்லாத்தான் இருக்கு. தேங்காயப் போட்டு ஒளிச்சு வச்சிருக்காக" என்று பரிமாறியவரிடமே சொன்னாள். அவர் சிரித்து ஒரு பொரித்த மீனைச் சும்மா வைத்துவிட்டுப் போனார்.

வெயில் தாழ்ந்ததும் கடலைப் பார்க்கப் போனோம். அம்மா ராமேஸ்வரத்தில் ஒரு தடவை கூட்டத்தோடு முங்கி எழுந்திருக்கிறாள். அங்கே அவள் பார்த்தது பெரும்பாலும் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான். இங்கே யாருமில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"கரையே போடாம விட்டிருக்காக."

"கடலுக்கு யாரும்மா கரை போடுவா?"

"இம்புட்டுத் தண்ணிக்கு ஒரு மடைகூட இல்லயே" என்றாள். பொதுப்பணித்துறைமேல் உள்ள கோபம் அப்படியே குரலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் போட்டி. நடுவர் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டு சார். கழுத்தில் விசில், கையில் அளவு பலகை. விதிகளை வாசித்தார். மீன் பிடித்ததும் வாளித் தண்ணீரில் உயிரோடு போட்டு, அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பார். பிறகு கடலில் விட்டுவிட வேண்டும். அணியின் மொத்த நீளம் எதற்கு அதிகமோ அதற்கு வெற்றி. பத்து மணிக்குக் கடைசி விசில். அம்மா இதைக் கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விதியை அவளுக்குச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அவள்தான் போட்டியிலேயே இல்லையே.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்த இடம் கடைசி மூலை. பாறைகள் அணைத்து, அலை அடங்கி, குளம் மாதிரிக் கிடந்தது. மற்றவர்கள் திறந்த கடலில் எண்பது அடி நூறு அடி என்று வீசினார்கள். ஒன்பது மணிக்குள் தூத்துக்குடிக்காரர்கள் ஏழு மீன், எங்கள் ஆட்கள் ஐந்து. என் பெயருக்கு நேராகக் கோடு. பல் டாக்டர் தன்னுடைய மூன்றாவது மீனை அளந்துவிட்டு, என் பக்கம் பார்த்து, குழாயில் தண்ணீர் பிடிப்பதுபோல் சைகை காட்டினார்.

இறாலை எடுத்துவிட்டுக் கம்பு மாவைக் கோத்தேன். பத்து நிமிஷம் இருக்கும். நரம்பு மெதுவாக நகர்ந்தது. இரையை எடுத்துச் சப்பிப் பார்க்கிற நகர்வு. நான் வெட்டி இழுத்ததும் ராடு வளைந்தது. சுற்றினேன், சுற்றினேன், வெள்ளி மாதிரி ஒன்று தண்ணீரை விட்டு எழும்பி விழுந்தது. மடவை. முழங்கை நீளத்துக்குக் கொழுகொழு என்று, வாளிக்குள் போட்டதும் தண்ணீரை என் முகத்தில் அடித்தது. நான் குதித்த குதியில் ஒரு செருப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது.

நடுவர் மறுகோடியில் இருந்தார். "இங்கயே இரும்மா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடினேன். அவர் யாருடைய மீனையோ அளந்துகொண்டிருந்தார். முடியும்வரை நின்று, அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலாளியும் பல் டாக்டரும் தூத்துக்குடி அணித் தலைவரும் பின்னால் வந்தார்கள். தலைவர் தூத்துக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

வாளி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்துப் பாறைமேல் செதில்கள் மின்னின. இரை வெட்டுகிற கத்தி கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மாவுத் தட்டில் ஐந்து துண்டுகள், ஒரே அளவில்.

"வெயிலு ஏறுதுல்ல" என்றாள் அம்மா. "கெட்டுப்போகும்னு ஆஞ்சு வச்சிட்டேன். உப்புத்தான் இல்ல. கடத்தண்ணியிலயே அலசிட்டேன், அது போதும்."

எங்கள் ஊரில் ஐஸ் பெட்டி மீன் வந்ததும் எந்த வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள். மீனை ஆயாமல் போட்டுவிட்டு ஓடுகிறவளைத்தான் வைவார்கள்.

"அம்மா, அத அளக்கணும்" என்றார் நடுவர்.

"அளந்துக்கங்கய்யா. அதுக்கென்ன, அடுக்கித் தாரேன்."

அம்மா அளவு பலகையை வாங்கி, ஐந்து துண்டையும் ஒழுங்காக அடுக்கினாள். நடுவர் குனிந்தார். மருந்துக்கடைக்காரரும் குனிந்தார்.

"துண்டுக்குத் துண்டு சந்து இருக்கு சார்."

"நெருக்கி வைக்கிறேன். இப்பப் பாருங்க."

"சரி, தலை எங்கம்மா? வாய் நுனியிலேருந்துல்ல அளக்கணும்" என்றார் நடுவர்.

அம்மா கடலைக் காட்டினாள். தலையையும் குடலையும் வீணாக்க மனமில்லாமல், என் பையில் இருந்த முள்ளிலேயே பெரியதைப் பார்த்துக் கட்டி, கோத்து, கையாலேயே சுழற்றி எறிந்திருக்கிறாள். ராடு பாறை இடுக்கில் செருகி நின்றது. "வேணும்னா இழுத்துக் காட்டவா?"

பல் டாக்டர் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. முதலாளி என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க, இத ஏத்த முடியாது" என்று நடுவர் சொல்லிவிட்டு நடந்தார். எல்லோரும் போய்விட்டார்கள்.

நான் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு, கரையில் ஏற்றிக் கவிழ்த்திருந்த ஒரு வள்ளத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. திங்கட்கிழமை கடைக்குப் போய் வழக்கம்போல முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊரில் மெம்பர் என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போது அம்மாவின் சத்தம் கேட்டது. ஆட்டை ஓட்டுகிற சத்தம்.

"ஏ, வா. வா இங்கிட்டு. எங்குட்டுப் போற? வான்னா."

வள்ளத்துக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மா ராடைத் தோளில் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பனங்காட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ரீலைத் தொடவே இல்லை. அடம்பிடிக்கிற கிடாயை எப்படி இழுப்பாளோ அப்படி. திரும்பிப் பார்த்தால் ஆடு நின்றுவிடும் என்பாள். அதனால் திரும்பவே இல்லை. ராடு வில்லாக வளைந்திருந்தது. ஓரிடத்தில் நின்றாள், இரண்டடி பின்னால் இழுபட்டாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி நடந்தாள். அவளுக்குப் பின்னால், அலையிலிருந்து ஒரு தாம்பாளம் எழுந்து மணலில் விழுந்து துள்ளியது.

நான் ஓடிப்போய் அதன்மேல் விழுந்தேன். பாறை மீன். என் கை நீளம் இருந்தது. அம்மா மூச்சு வாங்க வந்து, ராடை என் கையில் திணித்தாள்.

"பிடி. ஆளு வருது."

அம்மாவின் சத்தம் கேட்டு, விசில் ஆட்டியபடி நடுவர் வந்துகொண்டிருந்தார். கரை முழுக்க அவர் பின்னால் வந்தது. கையில் ராடோடு, உடம்பெல்லாம் மணலோடு மீனை அணைத்துக்கொண்டு நான். நடுவர் அளந்தார். எழுபத்தொரு சென்டிமீட்டர். அன்றைக்கு வந்ததில் அதற்கு அடுத்தது நாற்பத்தெட்டுத்தான். மொத்தக் கணக்கில் தூத்துக்குடிக்காரர்கள் முப்பத்து நான்கு சென்டிமீட்டர் முன்னால் இருந்தார்கள். முதலாளி மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"யார் பேருல எழுத?" என்றார் நடுவர்.

"எம்மக பேருலதான்" என்றாள் அம்மா, சட்டென்று. "அவதான பிடிச்சா. நான் தூரமாத்தான் நின்னேன்."

அம்மா இழுத்ததை யாரும் பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். முதலாளி சிரிக்கத் தொடங்கியிருந்தார். பல் டாக்டர்கூட என் தோளைத் தட்டக் கையை ஓங்கியிருந்தார்.

"இல்ல சார். எங்கம்மா பிடிச்சது" என்றேன்.

நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதுவரை நான் வாங்கிய மார்க்கு ஒவ்வொன்றும் நானே எழுதி வாங்கியது. பார்த்து எழுதியவள் என்று என்னை ஒருத்தரும் சொன்னதில்லை. எழுபத்தொரு சென்டிமீட்டருக்காக அந்தத் திமிரை விட எனக்கு மனசு வரவில்லை.

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். "கூறுகெட்டவளே. சொல்லித்தாரதச் சொல்லத் தெரியுதா?"

"அவுக பேரு போட்டியில இல்லயே" என்றார் மருந்துக்கடைக்காரர், ரொம்ப மரியாதையாக. நடுவர் தாளில் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு பத்து மணி விசிலை ஊதினார். தூத்துக்குடி ஜெயித்தது. என் பெயருக்கு நேராக இருந்த கோடு அப்படியே இருந்தது.

"சரிம்மா, மீனக் கடல்ல விட்ருங்க" என்றார் நடுவர்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போட்டியில நான் இல்லேன்னு இப்பத்தான சொன்னீக?"

"ஆமாம்மா."

"அப்ப உங்க சட்டம் எனக்கு எதுக்கு?"

மருந்துக்கடைக்காரர் மணலில் உட்கார்ந்து சிரித்தார். நடுவர் விதித் தாளைப் புரட்டி, அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா அதற்குள் கத்தியை எடுத்துவிட்டாள். மண்டபத்துச் சமையல்காரரிடம் புளியும் நல்லெண்ணெயும் வாங்கி, தேங்காய் பக்கம் யாரையும் வரவிடாமல், இரண்டு சங்கத்துக்கும் குழம்பு வைத்தாள். ஜெயித்தவர்கள்தான் அதிகம் தின்றார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் பல் டாக்டர் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இருவரும் அம்மாவிடம் வந்தார்கள்.

"அம்மா, நீங்க எங்க சங்கத்துல சேருறீங்களா?" என்றார் பல் டாக்டர். "அடுத்த மாசம் வேம்பார்ப் பக்கம் போறோம். கம்பு மாவோட வந்துருங்க."

நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின வாளியையே திரும்பக் கழுவினேன்.

"என்னைக்கு?" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழமன்னா வேலையில்ல, வாரேன்" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணு. எனக்கு பஸ்ஸு போர்டு வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். இவ படிச்ச புள்ளதான், இவளையும் சேத்துக்கங்க."

முதலாளி காரிலிருந்து இரண்டு படிவம் எடுத்து வந்தார். அம்மாவின் படிவத்தை நான் நிரப்பினேன். பெயர் காளியம்மாள். தொழில் என்ற இடத்தில், "பருத்தி எடுக்கிறது, ஆடு மேய்க்கிறது, ரெண்டையும் எழுது" என்றாள். சங்கத்தில் சேர விரும்பும் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா கடலைப் பார்த்தாள்.

"அந்தப் பாறை மீனுக்கு அண்ணன் தம்பி இருக்கும்ல. அதுகளப் பிடிக்கணும்னு எழுது."

எழுதினேன். அவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அடுத்து என் படிவம். பெயர், படிப்பு, தொழில் எல்லாம் மளமளவென்று ஓடியது. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அம்மா பாத்திரத்தை வழித்துக்கொண்டே, "என்னடி யோசன, எழுது" என்றாள்.

நான் குண்டு குண்டான எழுத்தில், பிழையில்லாமல், 'பஸ் போர்டு வாசிக்க' என்று எழுதினேன்.